‘கெமாஹிரான்’ கட்டத்தில் ஒரு கோடு

இங்கே மலேசியாவில், பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஒரு பெண் எனக்கு எழுதிக் கேட்டது இது. அவர் சம்மதத்தோடு, பேரை விட்டுவிட்டு, சுருக்கித் தருகிறேன்:

“சார், ஒரு தொழிற்சாலை கேண்டீன் வேலைக்குப் பாரம் நிரப்பினேன். பேர், ஐசி நம்பர், முகவரி எல்லாம் எழுதியாச்சு. அப்புறம் ‘கெமாஹிரான்’, அதாவது திறன்கள், என்று ஒரு கட்டம். அங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். வயது நாற்பத்து மூன்று. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மோடு படிப்பு நின்றது. பத்து வருஷமாக வீடுதான். மாமியாருக்கு இனிப்பு நீர் நோய், அவரை விட்டு நகர முடியாது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது கிளினிக்குக்கோ வெல்ஃபேர் ஆபீசுக்கோ போகவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதிலேயே பொழுது போய்விடும். ஆடி மாதம் வந்தால் கோயில் சமையல் வேறு. மற்றவர்கள் தையல், கேக் என்று ஏதாவது ஒன்று வைத்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு திறமையும் இல்லாமல் போனது ஏன்? இந்த வயதில் எதைக் கற்றுக்கொள்ளலாம்?”

தங்கச்சி, கடைசிக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசவேண்டும். தொழில் திறன் பயிற்சியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அந்தக் கட்டத்தில் கோடு போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே தெரியாதவர்கள் கோடு போடுவது அபூர்வம். அவர்கள் ‘கணினி, தலைமைத்துவம், குழுவாக வேலை செய்தல்’ என்று தாராளமாக எழுதிவிட்டுப் போவார்கள். கோடு போடுகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்கள்தான். என் அப்பாவும் அந்த ரகம்.

அப்பா பால்மரம் வெட்டியவர். கோல சிலாங்கூர் பக்கம், பத்தாங் பெர்ஜுந்தையை ஒட்டிய ஒரு தோட்டம். அந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பேர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் வருவது இன்னமும் பழைய பேர்தான். நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது வீட்டு விவரம் கேட்டு ஒரு பாரம் கொடுத்தார்கள். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அப்பாவிடம் கேட்டேன். அப்போதுதான் ரப்பர்க் காட்டிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, “கூலின்னு போடு” என்றார். போட்டேன்.

அந்தக் ‘கூலி’ என்ன செய்தார் என்பது எனக்குப் பதினாலு வயதில்தான் தெரிந்தது. பள்ளி விடுமுறையில் அவரோடு காட்டுக்குப் போனேன். விடிவதற்கு முன்பே நெற்றி விளக்கோடு நிரையில் நிற்கவேண்டும். மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாக இருப்பது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறினால் ஒழுகுவது குறைந்து, சீக்கிரம் உறைந்தும்விடும். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரிந்து இறங்கவேண்டும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலேறுகின்றன, இப்படிச் சரித்து வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும். ஒரு முறைக்குச் சீவி எடுக்கும் பட்டை ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். பால் அதிகமாக இருப்பதோ மரத்தை ஒட்டிய உள்பட்டையில். அதற்குள் போகவும் வேண்டும், மரத்தைத் தொட்டுவிடவும் கூடாது. நடுவில் விடவேண்டிய இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டி உளி இறங்கினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. இருட்டில், கொசுக்கடியில், ஒரு காலைக்குள் ஐந்நூறு மரம் வரை.

நான் மூன்றாவது மரத்திலேயே உள்ளே இறக்கிவிட்டேன். உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்பா திட்டவில்லை. உளியை வாங்கி அடுத்த மரத்தில் ஒரே இழுப்பு. பட்டை நூல் பிசகாமல் சுருண்டு விழுந்தது, பால் கோட்டில் ஓடி, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) சொட்ட ஆரம்பித்தது. “எவ்வளவு ஆழம் போகணும்னு எப்படிப்பா தெரியுது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, “எப்படின்னா… தெரியும்” என்றார். அதற்குமேல் அவரால் சொல்ல முடியவில்லை. மறுபடி வெட்டிக் காட்டத்தான் முடிந்தது.

இதில் அப்பாவின் குறை எதுவும் இல்லை. ஹங்கேரியில் பிறந்து வேதியியலில் பேர் எடுத்து, பிறகு தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி என்ற அறிஞர் 1950களிலும் 60களிலும் இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். நம்மால் வாயால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்பது அவர் வாதம். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனிடம் ‘எப்படி விழாமல் இருக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பான். கைக்குப் போய்ச் சேர்ந்த அறிவு வாய்க்குத் திரும்பி வருவதில்லை. வாய்க்கு வராதது பாரத்தின் கட்டத்துக்கு எப்படி வரும்?

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும், கொஞ்சம் ஆதங்கத்தோடு. 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல், அதே வெட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துக் காட்டினார். ரப்பர் நடச் சொல்லி எல்லாரையும் நச்சரித்ததால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று அவருக்குப் பேர். நூறு வயது வரை இருந்தார், வரலாற்றில் இடமும் கிடைத்தது. நியாயம்தான். ஆனால் அந்த முறையை லட்சக்கணக்கான மரத்தில் நாள்தோறும் மில்லிமீட்டர் பிசகாமல் செய்துகாட்டிய கைகளுக்குக் காகிதத்தில் கிடைத்த பேர் ‘புரூ காசார்’, அதாவது திறன் தேவைப்படாத முரட்டு வேலைக்காரன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் அடுத்துச் சொல்வது உடனே பிடிபடும். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்கும்போது மேற்பார்க்கும் தண்டல் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்? மரத்தில் காயம் போட்டவனை. மங்கு கழுவாதவனை. பாலில் தண்ணீர் கலந்துவிட்டதாகச் சந்தேகப்பட்டவனை. நன்றாக வெட்டியவன் பேர் அங்கே வந்து நான் கேட்டதில்லை. நன்றாக வெட்டினால் அதற்குக் கிடைக்கும் பாராட்டு, யாரும் ஒன்றும் சொல்லாமல் விடுவதுதான். தப்புக்கு வகை வகையாகப் பேர் இருந்தது, சரிக்கு ஒரு பேர்கூட இல்லை. அந்த வழக்கம் லயத்து வீட்டுக்குள்ளும் வந்தது. குழம்பில் உப்புக் கூடினால் பேச்சு, அளவாக இருந்தால் மௌனம். பிள்ளையைப் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று வேறு ஒரு பயம். இப்போது தோட்டமும் இல்லை, லயமும் இல்லை, தாமானுக்கு வந்து இருபது முப்பது வருஷமாகிவிட்டது. ஆனாலும் யாராவது ‘சாப்பாடு நல்லா இருக்கு’ என்றால் நம் வாய் தானாக ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல’ என்கிறது. அடக்கத்துக்காகச் சொல்ல ஆரம்பித்ததை நாளடைவில் நாமே நம்பிவிட்டோம்.

இதற்கு ஒரு ஆராய்ச்சியும் இருக்கிறது. அதில் பாதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்டது. தர்க்கம், இலக்கணம் போன்றவற்றில் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ‘மற்றவர்களோடு ஒப்பிட்டால் நீ எந்த இடத்தில் இருப்பாய்?’ என்று கேட்டார்கள். மோசமாக எழுதியவர்கள் தங்களை மிக உயர்வாக மதிப்பிட்டார்கள் என்பது ஊரறிந்த பாதி. மறு பாதி இது: மிக நன்றாக எழுதியவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். தங்களுக்கு எளிதாக இருந்தது மற்றவர்களுக்கும் எளிதாகத்தான் இருந்திருக்கும் என்ற நினைப்பு. பிறகு அவர்களிடம் மற்றவர்களின் விடைத்தாள்களைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்ததும் நன்றாக எழுதியவர்கள் தங்களைப் பற்றிய கணக்கை மேலே திருத்திக்கொண்டார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்களே, அதேதான். இன்னொருவர் முதுகைப் பார்த்த பிறகுதான் நம் முதுகு எப்படியிருக்கும் என்று கொஞ்சம் புலப்படுகிறது.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். திறமை இல்லை என்று எழுதிய அதே கடிதத்தில், குறை சொல்லும் சாக்கில், மூன்று விஷயத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கடிதம் கிடைத்த அன்று போன் போட்டு, முந்நூறு பேருக்குக் கோயிலில் சமைப்பதென்றால் அரிசி எத்தனை கிலோ என்று கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மூச்சு விடவில்லை. “முப்பது போதும் சார். வெள்ளிக்கிழமைன்னா முப்பத்தஞ்சு, ஏன்னா ஷிப்ட் முடிஞ்சு பொடியன்களும் வருவாங்க, அவங்க ரெண்டாவது தடவ கேப்பாங்க. சாயந்திரம் மழை கட்டியிருந்தா இருபத்தஞ்சு போட்டுட்டு, அஞ்சு கிலோவ ஊற வெக்காம தனியா வெச்சிருப்பேன்” என்றீர்கள். ஆளுக்கு நூறு கிராம் என்பது எந்தச் சமையல்காரரும் சொல்லும் கணக்கு. வெள்ளிக்கிழமைக் கணக்கும் மழைக் கணக்கும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பெரிய கேட்டரிங் ஆளை உட்காரவைத்து இதைத்தான் கற்றுக்கொடுப்பார்கள்: வருகிறவர்கள் எத்தனை பேர், எந்த மாதிரி ஆட்கள், எந்த நேரத்தில் வருவார்கள், கையிருப்பில் எவ்வளவு நிறுத்திவைப்பது. நான் அதைச் சொன்னதும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “இது எல்லாருக்கும் தெரியும் சார்.”

எல்லாருக்கும் தெரியாது, தங்கச்சி. உங்கள் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் நீங்கள் கோயில் பக்கமே வரவில்லை. அந்த ஆடிச் சாப்பாட்டை நான் வரிசையில் நின்று வாங்கினேன். சோறு இரண்டு அண்டா மீந்து கிடந்தது. சாம்பார் பாதி வரிசையிலேயே தீர்ந்துவிட்டது. கமிட்டியில் ஒருத்தர் மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினார். சமைத்தவர்களும் நல்ல கைப்பக்குவம் உள்ளவர்கள்தான், ருசியில் குறையில்லை. உங்கள் வேலை ருசி மட்டும் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. நீங்கள் அன்று வரிசையில் நின்றிருந்தால் உங்களுக்கும் உறைத்திருக்கும்.

இரண்டாவது, மாமியார். ‘அவரை விட்டு நகர முடியாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் ஒரு நாள் சாயங்காலம் வியர்த்து, பேச்சுக் குழறி, எரிச்சலாகப் பேசினாரே. கணவர் ‘கெழவிக்குக் கோபம்’ என்று போய்விட, நீங்கள் அது சீனி இறங்கியது என்று கண்டுபிடித்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துக் கருவியில் குத்திப் பார்த்தீர்கள். அதைப் பேச்சுவாக்கில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறீர்கள், ஏதோ துணி காயப்போட்டதைச் சொல்வது போல.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிசாகப் படுகிறது. கிளினிக்குக்கும் வெல்ஃபேர் ஆபீசுக்கும் கூட்டிப்போவது. வெளியிலிருந்து பார்த்தால் துணைக்குப் போவது போலத்தான் தெரியும். உள்ளே நடப்பது வேறு. ஒரு பாட்டி உதவித்தொகை ஏன் நின்றது என்று கேட்க வருகிறார். உங்களிடம் சொல்ல ஆரம்பிக்கும்போது மூத்த மகன் கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார். அந்தக் கதைக்குள் எங்கோ ஓர் இடத்தில் வங்கிப் புத்தகம் மாற்றியது வரும், இன்னோர் இடத்தில் வீடு மாறியது வரும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டு, தேவையான இரண்டு மூன்று தேதிகளை மட்டும் பொறுக்கி, முகப்பில் இருக்கும் பெண்ணிடம் மரியாதையான மலாயில் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுகிறீர்கள். திரும்பி, அவர் சொன்ன நிபந்தனையைப் பாட்டிக்குப் பயம் வராத தமிழில் சொல்கிறீர்கள். எந்தச் சத்தியப் பிரமாணம், எந்த நகல், எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பதெல்லாம் உங்களுக்கு அத்துபடி. இதற்கு இரண்டு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. என் மகளுக்கும் இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும், பட்டதாரி. அவளை ஒரு முறை என் அத்தையோடு அனுப்பினேன். அரை மணியில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள், வேலையும் ஆகவில்லை.

ஆக, ‘எனக்கு என்ன திறமை?’ என்று கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடுவதில் பிரயோசனம் இல்லை. வெளியே தேடுங்கள். கடையில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்று வாங்குங்கள். சட்டைப்பையில் அடங்கும், சமையலறை ஜன்னல் ஓரத்தில் வைத்தாலும் இடம் அடைக்காது. இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். யார், எதற்காக உங்களைக் கூப்பிட்டார்கள் என்பதை எழுதுங்கள். அப்புறம், எதைப் பார்த்தால் உங்களுக்கு எரிச்சல் வருகிறது என்பதையும் எழுதுங்கள். இது விளையாட்டில்லை. கண்டபடி அடுக்கிய சாமானைப் பார்த்தால் ஒருத்திக்குக் கை துறுதுறுக்கும், பக்கத்திலிருப்பவளுக்கு அது கண்ணிலேயே படாது. எங்கே உங்களுக்கு ‘இதுகூடத் தெரியாதா?’ என்று தோன்றுகிறதோ, பெரும்பாலும் அங்கேதான் உங்கள் திறமை உட்கார்ந்திருக்கிறது.

எழுதும்போது ஒரு விதி. ‘பொறுமைசாலி’, ‘சுறுசுறுப்பு’ என்று குணத்தை எழுதாதீர்கள். அதை யாரும் எழுதலாம். செய்ததை எழுதுங்கள்: ‘செவ்வாய். பக்கத்து வீட்டம்மாவின் மருந்துச் சீட்டில் ஒரே மாத்திரை இரண்டு பேரில் இருந்ததைப் பார்த்து ஃபார்மசியில் கேட்டேன்.’ ‘வியாழன். குழாய் வேலைக்கு வந்தவர் சொன்ன விலையைப் போன தடவை ரசீதோடு ஒப்பிட்டு நாற்பது வெள்ளி குறைத்தேன்.’ இப்படி இரண்டு வாரத்தில் பத்துப் பதினைந்து வரி சேர்ந்துவிடும். அந்த வரிகளைப் பிறகு வாசித்தால் யாரோ கெட்டிக்காரியின் டயரி மாதிரி இருக்கும். நான் சொல்லி எழுதியவர்களில் பலபேர் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். செய்வதெல்லாம் திறமை ஆகிவிடாது. நானும் முப்பது வருஷமாக வீட்டுக் குழாயை நானே பழுதுபார்க்கிறேன், இன்றுவரை ஒழுகுகிறது. அதனால்தான் மற்றவர்கள் திரும்பத் திரும்ப வந்து கேட்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறேன். என்னிடம் குழாய்க்கு யாரும் வருவதில்லை.

இன்னொன்று, திறமை இருக்கிறது என்று தெரிந்தவுடன் ‘அதை வைத்து ஒரு பிசினஸ் ஆரம்பி’ என்று நாலு பேர் வருவார்கள். எல்லாவற்றையும் காசாக்கவேண்டியதில்லை. அதேபோல், முடிகிறது என்பதற்காக எல்லாருக்கும் இலவசமாகச் செய்துகொண்டே இருக்கவும் வேண்டியதில்லை. வெல்ஃபேர் ஆபீசுக்குக் கூட்டிப்போகச் சொல்பவர்களுக்கு ‘புதன் காலை மட்டும்’ என்று ஒரு நாளை ஒதுக்குங்கள். பேர் தெரியாத வேலையைத்தான் எந்த நேரமும் கேட்பார்கள். நாள் குறித்துவிட்டால் அது ஒரு வேலை என்று கேட்பவர்களுக்கும் தெரியும், முக்கியமாக உங்களுக்கும் தெரியும்.

(இங்கே ஒரு கிளைக்கதை. எங்கள் பெரியம்மா பன்னிரண்டு பேரை வைத்துக் கூட்டு, அதாவது சீட்டு, கட்டி நடத்துவார். நோட்டு கிடையாது, எல்லாம் மனக்கணக்கு, ஒரு தகராறு வந்ததில்லை. ஆளை எடைபோடுவதில் அவரை மிஞ்ச ஒரு வங்கி மேலாளர் கிடையாது. ஆனால் அதைப் பாரத்தில் எழுதிவிடாதீர்கள்! கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை இந்த நாட்டில் 1971ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பேரிலேயே ‘கூட்டு’ என்ற நம் சொல் அப்படியே இருக்கிறது. நம் பெண்களின் திறமை சட்டப் புத்தகம் வரைக்கும் போயிருக்கிறது, என்ன, வேறு வழியாக.)

காகிதம் வேண்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டுமென்றால் வழி இருக்கிறது. மனிதவள அமைச்சின் கீழ் திறன் மேம்பாட்டுத் துறை, ஜேபிகே, இருக்கிறது. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டப்படி அவர்கள் கொடுப்பதுதான் எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ். ஒன்று முதல் மூன்று நிலை வரை எஸ்கேஎம், நான்கும் ஐந்தும் டிப்ளோமா வகை. இதற்கு வகுப்பில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. பிபிதி என்று ஒரு வழி உண்டு: முன்பே பெற்ற அனுபவத்தை அங்கீகரிப்பது. அந்தத் தொழிலுக்கென்று வகுத்த தர அளவுகோலை எடுத்து, அதில் கேட்டிருக்கும் ஒவ்வொரு வேலையையும் நீங்கள் செய்ததற்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்கவேண்டும். படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம், ரசீது, நீங்கள் தயாரித்த பட்டியல் எல்லாம் ஆதாரம்தான். மதிப்பீட்டாளர்கள் கோப்பைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். பலர் அந்தக் கோப்பில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேலை தெரியும், செய்த தடம் இருக்காது. 555 புத்தகத்தின் அருமை அங்கே தெரியும். ‘வேலையே பார்க்கவேண்டாம், காசு கட்டுங்கள், சான்றிதழ் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மேல்படிப்புக்கும் இதேபோல அப்பெல் என்று ஒன்று இருக்கிறது. 21 வயதைத் தாண்டி, துறை சார்ந்த அனுபவம் இருந்தால், அதற்கான மதிப்பீட்டில் தேறி இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையில்லை, பின்னால் மனம் மாறினால் வழி தெரிந்திருக்கட்டும்.

‘எதைக் கற்றுக்கொள்ளலாம்?’ என்பது கடைசிக் கேள்வி. கேக்கும் தையலும் வேண்டாம், உங்களுக்கு அதில் ஆசை இருந்தால் ஒழிய. இருப்பதன் பக்கத்தில் எது குறைகிறதோ அதை மட்டும் எடுங்கள். கேண்டீன் வேலை என்றால் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள்படி, உணவைக் கையாள்கிறவர்கள் சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சி எடுத்திருக்கவேண்டும், டைபாய்டு ஊசியும் போட்டிருக்கவேண்டும். பயிற்சி சில மணி நேரம்தான், ஒரே நாளில் முடிந்துவிடும். ஊசி மூன்று வருஷத்துக்குத் தாங்கும். இந்த இரண்டும் கையில் இருந்தால், உங்கள் கை ஏற்கெனவே செய்வதைச் செய்ய உள்ளே விடுவார்கள்.

பாரத்தை அடுத்த தடவை நிரப்பும்போது அந்தக் கட்டத்தில் இப்படி மலாயில் எழுதுங்கள்: முந்நூறு பேர் வரைக்குமான சமையலைத் திட்டமிட்டு, பொருள் கணக்கிட்டு, ஆறு பேர் உதவியோடு நடத்தியிருக்கிறேன், எட்டு வருஷம். இனிப்பு நீர் நோயாளியை வீட்டில் பராமரித்திருக்கிறேன், பத்து வருஷம். தமிழ், மலாய் இரண்டிலும் அரசு அலுவலகப் பாரங்களை மற்றவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிறேன். எண்களை விடாதீர்கள். ‘சமையல் தெரியும்’ என்றால் படிப்பவர் அடுத்த தாளுக்குப் போய்விடுவார், ‘முந்நூறு பேர்’ என்றால் நிற்பார். கோயில் கமிட்டித் தலைவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். கூச்சமாக இருக்கும், கேளுங்கள். எட்டு ஆடிக்கு ஒரு கடிதம் அதிகமில்லை.

இந்த வருஷ ஆடிக்கும் கமிட்டிக்காரர்கள் வந்து வாசலில் நின்றபடியே ‘எத்தனை கிலோ போடலாம்க்கா?’ என்று கேட்பார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள். உள்ளே போய் 555 புத்தகத்தை எடுத்து, தேதி, கிழமை, எதிர்பார்க்கும் ஆட்கள், மழை, அரிசி என்று எழுதிக்கொண்டு, பிறகு வந்து சொல்லுங்கள். முடிந்த பிறகு மீந்தது எவ்வளவு என்பதையும் அதற்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.